தில்லை இலையைக் குடைந்து வளரும் சிற்றந்து: புதிய இனம்தானா என்று எப்படி அறிவது, எப்படி விவரிப்பது?

உப்பாற்றுக்கரை எழுதிய கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை. பூச்சியியலில் எனக்கு முறையான பயிற்சி கிடையாது. பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்கும் பழைய நுணுக்குக்காட்டியும் பத்து மடங்கு பெருப்பிக்கும் கைவில்லையும் மட்டுமே என்னிடம் உள்ளன.

மாரி ஓய்ந்தபின், மாசி மாதத்தில், கிண்ணியாப் பக்கம் உப்பாற்றங்கரைக் கண்டற்காட்டோரமாக மாணவர்களுடன் நடந்தபோது, தில்லை மரத்தின் இளம் இலைகளில் வெள்ளிநிற நெளிகோடுகளைக் கண்டேன். நம் வீட்டுத் தேசி (எலுமிச்சை) மரத்தின் கொழுந்தில் வருமே, அதே சாயல். ஆனால் தேசி இலையில் கோடு கடைசிவரை கோடாகவே ஓடும்; இங்கோ நடுநரம்பின் அருகே மயிரிழை போலத் தொடங்கும் கோடு, சிறிது தூரம் நெளிந்து சென்றபின் அகன்று, இலையோரத்தில் ஒரு கொப்புளமாக முடிகிறது. இலையை வெயிலுக்கு நேரே பிடித்தால் கொப்புளத்தினுள் புழுவொன்று அசைவது தெரியும். ஆரம்பத்தில் வெளிறித் தட்டையாக இருக்கும் அந்தப் புழு, வளர்ந்து இலையைவிட்டு வெளியேறும் தறுவாயில் சிவந்துவிடுகிறது.

சில இலைகளைக் காம்புடன் பறித்து, காம்பை ஈரப்பஞ்சில் சுற்றிச் சிறு போத்தல்களில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி வைத்தேன். (தில்லைப் பால் மணிக்கட்டில் பட்டு இரண்டு நாட்கள் கொப்புளித்தது. அதன்பின் மாணவர்களை இலை பறிக்க விடவில்லை.) முதல் நான்கு போத்தல்களிலும் அந்து வரவில்லை, கறுப்பாக மின்னும் மிகச் சிறிய குளவிகளே வந்தன. ஐந்தாவது போத்தலில் ஒரு நாள் காலையில் அந்து இருந்தது. இப்போது ஆண் பெண் இரண்டும் இருக்கக்கூடிய பதினொரு மாதிரிகள் என்னிடம் உள்ளன.

சிறகை விரித்து அளந்தால் ஏழு மில்லிமீற்றர். வெண்கல நிறமான ஒடுங்கிய முன்சிறகில் நான்கு வெள்ளிக் கோடுகள் சாய்வாகச் செல்கின்றன. ஒவ்வொன்றின் உட்புறமும் கறுப்பு விளிம்பு கொண்டது. பின்சிறகு ஓர் ஈர்க்கு போன்றது, அதைச் சுற்றியுள்ள மயிர்க்கரை சிறகைவிட அகலமானது. அமரும்போது முன்னங்கால்களை ஊன்றி முன்னுடலை உயர்த்தி வைத்திருக்கிறது.

இணையத்தில் படங்களைத் தேடி இதைப் போன்ற ஒன்றையும் காணவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர், "படம் கிடைக்கவில்லை என்றால் புதிய இனம்தான், உடனே பெயர் வைத்து வெளியிடுங்கள்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஓர் அந்து புதிய இனம் என்பதை எந்த அடிப்படையில் முடிவு செய்கிறார்கள்? முடிவு செய்தபின் அதை விவரிக்கும் முறை என்ன? அறிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


விளக்கடி விட்டில் எழுதிய பதில்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மனம் ஒப்பாதது சரியே. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது கிராசிலாரியிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு மிகுதி. இளம் பருவத்தில் தட்டையான தலையுடன் உயிரணுச் சாற்றை மட்டும் அருந்தும் குடம்பி (புழு), பிந்திய பருவங்களில் உடலமைப்பு மாறி இலையின் சதையைத் தின்பது இக்குடும்பத்தின் சிறப்பியல்பு. உங்கள் நெளிகோடு கொப்புளமாக அகலும் இடம் அந்த உணவு மாற்றம் நிகழும் இடமாக இருக்கக்கூடும். முன்னுடலை உயர்த்தி அமர்வதும் இக்குடும்பத்தின் பல இனங்களில் உண்டு. தேசி இலையைக் குடையும் அந்தும் இதே குடும்பம்தான். அதை 1856-இல் ஸ்டெயின்ரன் கல்கத்தாவிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு விவரித்தார்.

இக்குடும்பத்தில் இதுவரை ஏறத்தாழ 2000 இனங்களுக்குப் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவற்றுள் மிகப் பலவற்றுக்கு இணையத்தில் ஒரு நிறப்படம்கூட இல்லை. ஆகவே படம் இல்லாமையைப் பெயர் இல்லாமை என்று கொள்ள முடியாது. இலங்கையின் சிற்றந்துகளில் பெரும்பகுதிக்குப் பெயரிட்டவர் எட்வர்ட் மெய்ரிக். அவரும் உங்களைப் போலப் பாடசாலை ஆசிரியர். இங்கிலாந்தில் மாணவர்களுக்குப் பண்டைய மொழிகளைக் கற்பித்துக்கொண்டே, தபாலில் வந்து சேர்ந்த மாதிரிகளிலிருந்து 14,000-க்கும் மேற்பட்ட இனங்களை விவரித்தார். பேராதனையில் பணியாற்றிய பூச்சியியலாளர் கிறீன் போன்றவர்கள் இங்கிருந்து அனுப்பினார்கள். மெய்ரிக்கின் விவரணைகள் பெரும்பாலும் படமின்றிச் சில வரிகளில் முடிந்துவிடும். இனப்பெருக்க உறுப்புகளைப் பிரித்துப் பார்ப்பதை அவர் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. "வெண்கல நிறம், நான்கு வெள்ளிக் கோடுகள்" என்று அவர் எழுதியது ஒரே ஓர் இனத்துக்கு மட்டும் பொருந்துமா, ஐந்து இனங்களுக்குப் பொருந்துமா என்பதை அவருடைய மூல மாதிரியைப் பார்த்தே சொல்ல முடியும். அவருடைய சேகரிப்பு இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளது.

திருகோணமலைக்கு இதில் தனியான ஒரு தொடர்பும் உண்டு. 1890-களின் தொடக்கத்தில் உங்கள் ஊரில் இருந்த யெர்பரி என்னும் பீரங்கிப்படை அதிகாரி, ஓய்வு நேரத்தில் பூச்சிகளைச் சேகரித்தார். "திரின்கோமலி, யெர்பரி" என்ற சீட்டுடன் இருக்கும் மாதிரிகளை, சிறப்பாக ஈக்களை, பிற்கால ஆய்வாளர்கள் பலர் பயன்படுத்தியிருக்கிறார்கள். பிரித்தானியக் கடற்படையில் பணியாற்றிய பெயின்பிரிட்ஜ் பிளெச்சர், இலங்கையின் இறகந்துகளைப் பற்றி 1909-இல் விரிவாக எழுதினார். ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே உங்கள் கரையோரத்தில் வலை வீசப்பட்டிருக்கிறது என்பதை மனதில் வைத்துத்தான் நாம் "புதியது" என்ற சொல்லைத் தொட வேண்டும்.

இன்னும் ஒன்று. தில்லை உப்பாற்றங்கரைக்கு மட்டும் உரிய மரம் அன்று. இந்தியக் கரைகளிலிருந்து தென்கிழக்காசியா வழியாக அவுஸ்திரேலியாவும் பசிபிக் தீவுகளும் வரை அது பரவியிருக்கிறது. மரம் போன இடமெல்லாம் அதன் இலையைக் குடையும் அந்தும் போயிருக்கக்கூடும். எனவே இலங்கையில் பெயரிடப்பட்டவற்றுடன் மட்டும் ஒப்பிட்டால் போதாது. யாவாவிலோ குயின்ஸ்லாந்திலோ யாரோ முன்னரே விவரித்த இனத்துக்கு நீங்கள் இரண்டாம் பெயரைச் சூட்டினால், அந்தப் பெயர் ஒத்தபெயராகத் தள்ளப்படும். பின்னால் வருபவர்களுக்கு அதைத் தீர்த்துவைக்கும் வேலையும் சேரும். முதலில் தில்லையையும் அதன் நெருங்கிய உறவு மரங்களையும் உண்ணும் கிராசிலாரியிட்டுகளின் பட்டியலை உருவாக்குங்கள். இக்குடும்பத்துக்கென்றே உணவுத்தாவரங்களுடன் கூடிய இணையத் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. பழைய மூல விவரணைகளில் பல, உயிர்ப்பன்மைய மரபு நூலகம் என்னும் இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

அடுத்த படி, வயிற்றைப் பிரித்தல். சிற்றந்துகளில் சிறகின் கோலம் ஏமாற்றும்: ஒரே இனத்தில் மாறும், வெவ்வேறு இனங்களில் ஒத்திருக்கும். இனப்பெருக்க உறுப்புகளின் கடினமான பகுதிகள் அப்படி எளிதில் ஏமாற்றுவதில்லை. வயிற்றை மட்டும் கழற்றி, பத்து வீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் மென்மையாகச் சூடாக்கினால் தசை கரைந்து கைற்றின் என்னும் கடினப் பொருளாலான பகுதிகள் எஞ்சும். அதை நீரில் கழுவி, செதில்களை மெல்லிய தூரிகையால் அகற்றி, சாயமேற்றி, எதனோலில் படிப்படியாக நீரகற்றி, யூப்பரல் என்னும் பிசின் இட்டுக் கண்ணாடி வழுக்கியில் பதிக்க வேண்டும். ஆணில் பற்றிதழ்களின் வடிவமும் புணர்குழாயினுள் உள்ள முட்களின் எண்ணிக்கையும், பெண்ணில் புணர்ச்சிப்பையினுள் உள்ள சிக்னம் என்னும் கடினத் தகடும் கவனிக்கத்தக்கவை. ஒன்றரை மில்லிமீற்றர் நீளமான வயிறு அது. முதல் ஐந்தாறு முயற்சிகள் பாழாகும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். தேசி இலை அந்துகளில் பழகிவிட்டுத் தில்லை அந்தைத் தொடுங்கள்.

டி.என்.ஏ. பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள். இழைமணியில் உள்ள சி.ஓ.ஐ. என்னும் பரம்பரையலகின் 658 காரச்சோடி நீளமான ஒரு பகுதியை வாசித்து ஒப்பிடும் முறையை 2003-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹேபர்ட் குழுவினர் முன்வைத்தார்கள். நல்ல கருவி. ஆனால் நம் நாட்டுச் சிற்றந்துகளில் மிகச் சிலவே அந்தத் தரவுத்தளத்தில் உள்ளன என்பதால், "பொருந்தும் தொடர் இல்லை" என்ற விடை, படம் கிடைக்கவில்லை என்ற விடையைப் போன்றதுதான். ஆணையும் பெண்ணையும் ஒரே இனம் என்று இணைப்பதற்கும், உங்கள் குடம்பியும் உங்கள் அந்தும் ஒன்றே என்று காட்டுவதற்கும் அது உதவும். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு காலைக் கழற்றி 95 வீத எதனோலில் குளிரூட்டியில் வையுங்கள்.


வன்னிக்காடு எழுதிய பதில்:

மேலே சொல்லப்பட்டவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விடயம். 1937-ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் திருத்தங்களுடன் நடைமுறையில் உள்ளது. ஆய்வுக்காகச் சேகரிப்பதற்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடமும், இடம் ஒதுக்குக்காடாக இருந்தால் வனத் திணைக்களத்திடமும் எழுத்தில் அனுமதி பெறுங்கள். மாதிரியையோ அதன் ஒரு காலையோ வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் அதற்கும் தனியாகக் கேட்க வேண்டும். அனுமதி இலக்கத்தைக் கட்டுரையில் குறிப்பிடும்படி ஆய்விதழ்கள் கேட்கும். பின்னர் தேடிப் பெற முடியாது. ஒரு பல்கலைக்கழக ஆய்வாளருடன் சேர்ந்து விண்ணப்பிப்பது ஆசிரியைக்கு இலகுவாக இருக்கும். திருகோணமலை வளாகத்தில் கேட்டுப் பாருங்கள்.


கல்லடிப்பாலம் எழுதிய பதில்:

ரீச்சர், நான் ஓய்வுபெற்ற ஆய்வுகூட உதவியாளன். விவரிப்பது பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. மாதிரியைக் காப்பது பற்றிச் சொல்லலாம்.

போத்தலில் அந்து வெளிவந்தவுடன் கொல்ல வேண்டாம். சிறகு விறைக்கவும் நிறம் படியவும் அரை நாளாவது விடுங்கள். பிறகு போத்தலோடு உறைகுளிரில் வையுங்கள். வெளியே எடுத்தவுடன், உடல் இளகிய நிலையில் இருக்கும்போதே, நுண்ணூசியை முதுகின் நடுவே குத்தி, மென்நுரைத் துண்டின் மேல் சிறகுகளை விரிக்க வேண்டும். சாதாரண ஊசி இந்த அளவு உடலை இரண்டாகப் பிளந்துவிடும். விரிக்கும்போது விரலோ இடுக்கியோ சிறகில் படக்கூடாது. மூச்சுக் காற்றுக்கே செதில் பறக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கச்சான் காற்று அடிக்கும் காலமானால் யன்னலையும் சாத்திவிட்டு உட்காருங்கள். நுண்ணூசி குத்திய துண்டைப் பெரிய ஊசியில் ஏற்றி, அதே ஊசியின் கீழ்ப்பகுதியில் சீட்டைக் குத்துங்கள்.

இந்தச் சீட்டைப் பற்றித்தான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். மட்டக்களப்பு வாவிக் கரையில் நான் ஒரு காலத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட சிற்றந்துகளை வளர்த்து எடுத்தேன். திகதியும் மரத்தின் பெயரும் கொப்பியில் இருந்தன. பெட்டியில் இருந்தவை வெறும் இலக்கங்கள். மழைவெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது பெட்டி மேல்தட்டில் தப்பியது, கொப்பி போய்விட்டது. அந்த நாற்பதும் இன்று எங்கே, எப்போது, எந்த இலையிலிருந்து வந்தவை என்று எவருக்கும் சொல்ல முடியாதவை. இடம், அகலாங்கு நெட்டாங்கு, இலை பறித்த நாள், அந்து வெளிவந்த நாள், மரம், சேகரித்தவர் ஆகிய அனைத்தும் ஒவ்வோர் ஊசியிலும் இருக்க வேண்டும். வயிற்றைப் பிரித்தால் வழுக்கியின் இலக்கமும் அதே ஊசியில் ஏற வேண்டும். பேனை மை கரையும். பென்சிலால் அல்லது கரையாத மையால் எழுதுங்கள்.

நம் கரையோர ஈரத்தில் பூஞ்சணம் மிக விரைவாகப் பிடிக்கும். இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் இட்டு, அதன் நீலம் மாறும்போது சூடாக்கித் திரும்பப் பயன்படுத்துங்கள். எறும்புக்குப் பெட்டியின் கால்களை நீர்த்தட்டில் வையுங்கள். இலையில் குடைந்த தடத்தையும், கூட்டுப்புழுவின் வெறுந்தோலையும், உங்களுக்கு ஏமாற்றம் தந்த அந்தக் குளவிகளையும் எறியாதீர்கள். குளவிகள் இந்தப் புழுவில் ஒட்டுண்ணியாக வாழ்பவை. அவையும் பெயரற்றவையாக இருக்கலாம்.


உப்பாற்றுக்கரை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. குளவிகளை எறிந்துவிடவில்லை, எதனோலில் உள்ளன. கல்லடிப்பாலம் ஐயா சொன்ன பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தேன்: பதினொன்றில் நான்கின் சீட்டில் அந்து வெளிவந்த நாள் மட்டுமே இருக்கிறது, இலை பறித்த நாள் இல்லை. இன்னும் நினைவில் இருப்பதால் இன்றே எழுதிச் சேர்த்துவிட்டேன்.

இரண்டு கேள்விகள் எஞ்சியுள்ளன. ஒப்பீடெல்லாம் முடிந்து, இது பெயரற்றது என்றே தெரியவந்தால், விவரணையைத் தமிழில் எழுதலாமா? எங்கள் ஊரின் பெயரையோ மரத்தின் தமிழ்ப் பெயரையோ அதற்குச் சூட்ட விதிகள் இடம் தருமா?


விளக்கடி விட்டில் எழுதிய பதில்:

இரண்டுக்கும் விதிகளில் இடம் இருக்கிறது, ஆனால் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

விலங்குப் பெயர்களை ஆள்வது அனைத்துலக விலங்கியல் பெயரீட்டு விதிக்கோவை. இப்போதுள்ள நான்காம் பதிப்பு 2000 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. விவரணையின் மொழி இன்னதாக இருக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை; பெயர் மட்டும் இலத்தீன் எழுத்துகளில் அமைய வேண்டும். தாவரங்களுக்கு நிலைமை வேறு: அங்கே நீண்டகாலம் இலத்தீன் விவரணை கட்டாயமாக இருந்து, 2012 முதல்தான் ஆங்கிலமும் ஏற்கப்பட்டது. எனினும் யாவாவிலும் பெல்ஜியத்திலும் இருப்பவர் தம்முடைய மாதிரியை உங்கள் விவரணையுடன் ஒப்பிட வேண்டியிருப்பதால், உலகெங்கும் வாசிக்கப்படும் மொழியில் எழுதும்படி விதிக்கோவை பரிந்துரைக்கிறது. ஆங்கிலத்தில் எழுதி, முழுமையான தமிழ்ச் சுருக்கத்தையும் சேர்த்து வெளியிடுங்கள் என்பதே என் கருத்து. நம் பிள்ளைகள் தம் ஊர்ப் பூச்சியைப் பற்றித் தம் மொழியில் வாசிக்க வேண்டும் என்பதை நான் சிறிய விடயமாகக் கருதவில்லை.

ஊர்ப் பெயருடன் "என்சிஸ்" என்ற ஈற்றைச் சேர்ப்பது பழைய வழக்கம். சாதிப்பெயரின் (இனப்பெயருக்கு முன்னால் வரும் பேரினப் பெயரின்) இலக்கணப் பாலைப் பொறுத்து அந்த ஈறு மாறும். ஒரு தமிழ்ச் சொல்லை அப்படியே பெயர்ச்சொல்லாக நிறுத்தினால் ஈறு மாற வேண்டியதில்லை. அதே சாதியில் அதே பெயர் முன்னர் சூட்டப்பட்டிருக்கக்கூடாது. ஆனால் ஒரு வேண்டுகோள்: நீங்கள் தெரிவுசெய்யும் பெயரை இங்கோ முகநூலிலோ எழுதிவிடாதீர்கள். இங்கே எழுதுவது விதிப்படி வெளியீடு ஆகாது. பெயர் மட்டும் பரவி, விவரணை இல்லாத வெற்றுப் பெயராக அலையும். வேறொருவர் அதையே வேறோர் அந்துக்கு எடுத்துக்கொண்டால் தடுக்கவும் முடியாது.

வெளியீட்டில் சில உறுப்புகள் இல்லாவிட்டால் பெயர் நிலைக்காது. இது புதிய இனம் என்ற வெளிப்படையான கூற்று வேண்டும். ஒரே ஒரு மாதிரியை ஹோலோடைப்பாகக் குறிக்க வேண்டும். அந்தப் பெயர் இனி என்றும் அந்த ஒற்றை உடலோடு கட்டப்பட்டிருக்கும். அது எந்த நிறுவனத்தில் வைக்கப்படுகிறது என்பதையும் எழுத வேண்டும். எஞ்சியவை பராடைப்புகள். ஹோலோடைப் கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். மெய்ரிக்கின் ஓர் ஊசியைப் பார்க்க இலண்டன் போகவேண்டிய நிலை நம் மாணவர்களுக்கு இன்னொரு முறை ஏற்படக்கூடாது. பராடைப்புகளில் சிலவற்றை அனுமதியுடன் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். இணையத்தில் மட்டும் வெளிவரும் ஆய்விதழானால், 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி அந்த வெளியீடு சூபாங்க் என்னும் விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் முன்கூட்டியே பதியப்பட்டு, அதற்கான சான்று கட்டுரையிலேயே இருக்க வேண்டும்.

விவரணையில் மிகுந்த நேரம் செலவிட வேண்டிய பகுதி, வேறுபாட்டுக் குறிப்பு. தலை, உணர்கொம்பு, மார்பு, முன்சிறகு, பின்சிறகு, வயிறு என்று வரிசையாக எழுதிச் செல்வதைப் பொறுமை உள்ள எவரும் செய்துவிடலாம். மிக நெருங்கிய இனம் எது, அதிலிருந்து இது எந்த உறுப்பில், எவ்வளவு வேறுபடுகிறது என்று இரண்டு மூன்று வரிகளில் சொல்வதற்குத்தான் முன்னர் சொன்ன ஒப்பீடு முழுவதும் தேவைப்படுகிறது. "வெள்ளிக் கோடுகள் உண்டு" என்று எழுதுவதால் பயனில்லை. "இரண்டாம் கோடு பின்விளிம்பைத் தொடாமல் நிற்கிறது, நெருங்கிய இனத்தில் தொடுகிறது" என்பது போல எழுதினால்தான் அடுத்தவர் தம் மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு ஆம், இல்லை என்று சொல்ல முடியும். உங்கள் பதினொன்றிலும் அந்தக் கோடு எங்கே முடிகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்திருக்கிறீர்களா?


உப்பாற்றுக்கரை எழுதியது:

நேற்றிரவு கைவில்லையுடன் இருந்து பார்த்தேன். பத்தில் இரண்டாம் கோடு சிறகின் பின்விளிம்பைத் தொடுகிறது. ஒன்றில் மட்டும் விளிம்புக்குச் சற்று முன்னரே நின்று, அங்கே ஒரு கறுப்புப் புள்ளியாக முடிகிறது. அந்த ஒன்று மட்டும் மரத்தின் கீழ்க்கிளையிலிருந்து, முதிர்ந்த இலையிலிருந்து வந்தது என்று சீட்டில் இருக்கிறது. இது ஒரே இனத்துக்குள் உள்ள மாறுபாடா, இரண்டு இனங்கள் ஒரே மரத்தில் இருக்கின்றனவா என்று சொல்ல எனக்கு இன்னும் தெரியாது. அனுமதிக்கான விண்ணப்பத்தை வளாகத்தில் உள்ள விரிவுரையாளர் ஒருவருடன் சேர்ந்து இந்த வாரம் அனுப்புகிறோம். அது கைக்கு வந்தபின், இளம் இலையையும் முதிர்ந்த இலையையும் வெவ்வேறு போத்தல்களில் இட்டு, இரண்டுக்கும் தனித்தனிச் சீட்டெழுதி வளர்க்கப் போகிறேன். அதுவரை வீட்டு முற்றத்துத் தேசி மரத்தின் அந்துகளில் வயிறு பிரித்துப் பழகுகிறேன். முதலாவது இன்று காலை கரைசலில் அதிகம் சூடேறிச் சிதைந்துவிட்டது, இரண்டாவதை இப்போதுதான் நீரில் இட்டிருக்கிறேன்.